நல்லவர்கள் சின்னவர்கள் ஆன கதை

1903ஆம் வருஷம் நியூயார்க்கில் ஒரு கதைப் புஸ்தகம் வெளியாயிற்று. ‘டார்பி ஓகிலும் நல்ல ஜனங்களும்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர், பிற்காலத்தில் ஹெர்மினி டெம்பிள்டன் கவனா என்ற பெயரால் அறியப்பட்ட அம்மையார். அயர்லாந்தில் ஒரு கிராமத்துக்காரனுக்கும், அங்கே மலைகளுக்கு அடியில் குடியிருப்பதாகச் சொல்லப்படும் தேவதைகளுக்கும் நடக்கிற கொடுக்கல் வாங்கல்கள்தாம் அதிலுள்ள கதைகள். ஐம்பத்தாறு வருஷம் கழித்து, 1959இல், வால்ட் டிஸ்னி அந்தக் கதைகளைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும்படியான ஒரு மாயாஜாலப் படமாக எடுத்தார். படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘டார்பி ஓகிலும் சின்ன ஜனங்களும்’.

‘நல்ல’ என்ற சொல் போய் அந்த இடத்தில் ‘சின்ன’ என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. சினிமாக்காரர்கள் விளம்பரத்துக்காகச் செய்த சில்லறை மாற்றம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தேசத்தாரின் பயம் எப்படி வேடிக்கையாக மாறிற்று என்ற சரித்திரம் அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருப்பதாகவே தோன்றுகிறது.

கிராமத்து ஜனங்கள் தேவதைகளை நல்லவர்கள் என்று சொன்னதற்குக் காரணம் பயம். இருட்டிய பிறகு பாம்பைப் பாம்பென்று சொல்லாமல் பூச்சி என்று சொல்கிறோமே, அந்த மாதிரி சங்கதி இது. பெயர் சொல்லிப் பேசினால் அவர்களுக்குக் காது கேட்கும். கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் மாடு பால் மறக்கும், வெண்ணெய் திரளாது. இவையெல்லாம் சின்னத் தண்டனைகள். பெரிய தண்டனை, ஆளையே கொண்டுபோவது. தொட்டிலில் கிடக்கும் குழந்தையை எடுத்துக்கொண்டு, அதே சாயலில் நோஞ்சான் ஒன்றைப் போட்டுவிட்டுப் போவார்கள். இளம் மனைவியை மலைக்குள் இழுத்துக்கொண்டு, அவளைப் போலவே இருக்கிற வேறொருத்தியை வீட்டில் விட்டுப் போவார்கள். ஆகையால்தான் வயல் நடுவே பழைய காலத்து வட்ட மண்மேடு இருந்தால் குடியானவன் அதை விட்டுச் சுற்றி உழுதான். மேட்டின்மேல் தனியாக நிற்கும் முள்மரத்தில் கோடாலி வைக்கமாட்டான்.

இந்த நம்பிக்கை பாட்டிமார் கதையோடு நின்றுவிடவில்லை. 1895 மார்ச் மாதத்தில், டிப்பரேரி மாவட்டத்தில் பாலிவாட்லியா என்ற இடத்தில் பிரிட்ஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண் காய்ச்சலாகப் படுத்தாள். கெட்டிக்காரி, தையல் இயந்திரம் வைத்துச் சம்பாதித்தவள். கணவன் பீப்பாய் செய்கிற தொழிலாளி. படுத்திருப்பவள் தன் மனைவி இல்லை, மாற்றி வைத்துவிட்டுப் போன தேவதை என்று அவன் சொன்னான். உறவினர்கள் அவளைப் பிடித்துக்கொள்ள, பச்சிலைக் கஷாயத்தைப் பலாத்காரமாகப் புகட்டினார்கள். “நீ யார்? பெயரைச் சொல்” என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள். கடைசியில் அவள் சமையலறை நெருப்பில் எரிந்து செத்தாள். அதன் பிறகும் அந்த மனிதன் பக்கத்து மண்மேட்டில் போய், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரையில் ஏறி வெளியே வருவாள் என்று இரவு நேரத்தில் காத்திருந்தான். கொலைநோக்கமில்லாத மரணக் குற்றத்துக்கு அவனுக்கு இருபது வருஷக் கடுங்காவல் விதித்தார்கள். பதினைந்து வருஷம் சிறையில் இருந்தான்.

டார்பி ஓகில் புஸ்தகம் வந்தது இதற்கு எட்டே வருஷம் கழித்து. அந்தத் தலைப்பிலுள்ள ‘நல்ல’ என்ற சொல்லை இந்தச் சம்பவத்தையும் நினைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

சரி, இவர்கள் எப்போது சின்னவர்கள் ஆனார்கள்? ஆரம்பத்தில் அவர்கள் குள்ளர்கள் அல்ல. ஐரிஷ் பாஷையில் ‘ஷீ’ என்றால் மண்மேடு. மேட்டுக்குள் வாழ்கிறவர்கள் என்பதுதான் அவர்களுடைய பெயருக்குப் பொருள். மனிதர் வந்து சேருவதற்கு முன்னால் அயர்லாந்தை ஆண்ட தெய்வ ஜாதியார், போரில் தோற்று மலைகளுக்கு அடியில் போய்விட்டார்கள் என்று இடைக்காலத்து ஏடுகள் சொல்கின்றன. தோற்ற தெய்வங்கள்! மனிதரின் உயரமும் மனிதரை மிஞ்சிய அழகும் உள்ளவர்கள்.

சின்ன உருவமுள்ளவர் வேறு ஒரு கிளை. அவர்களில் பிரசித்தமானவர்தான் லெப்ரகான் என்னும் குள்ளர். இவர் தலைகாட்டும் மிகப் பழைய கதை சுமார் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஃபெர்கஸ் மாக் லேட்டி என்ற அரசன் கடற்கரையில் தூங்கிக்கொண்டிருக்கிறான். நீரில் வசிக்கும் குள்ளர்கள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கால் கடல்நீரில் பட்டதும் விழித்துக்கொண்டு அவர்களில் மூன்று பேரைப் பிடித்துவிடுகிறான். உயிர்ப்பிச்சைக்குப் பதிலாக, நீருக்கடியில் உலாவும் சக்தியைக் கேட்டு வாங்குகிறான். கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனையும் போடுகிறார்கள்: உன் நாட்டிலேயே உள்ள இந்த ஒரு நீர்நிலைக்குள் மட்டும் போகாதே. போகாதே என்றால் போகாமலிருக்க அரசனால் முடியுமா? போகிறான். அங்கே ஒரு நீர்ப்பூதத்தைக் கண்ட பயத்தில் அவன் முகம் கோணிப்போகிறது. வரமும் வரத்துக்குள் ஒளிந்திருக்கும் கண்ணியும் அன்றைக்கே சேர்ந்து வந்துவிட்டன.

லெப்ரகான் என்ற பெயருக்கே ‘சின்ன உடல்’ என்று நெடுங்காலம் பொருள் சொல்லிவந்தார்கள். 2019இல் சில அறிஞர்கள், ரோமாபுரியில் லுபெர்காலியா என்ற திருவிழாவில் ஓடிய லுபெர்கிகளின் பெயர் திரிந்து வந்தது இது என்று வாதித்தார்கள். லத்தீன் படித்த ஐரிஷ் துறவிகள் ஏட்டில் எழுதிவைத்த அந்நியச் சொல் ஒன்று, நாளடைவில் நாட்டுப்புறத்துக் குள்ளனின் பெயராயிற்று என்கிறார்கள். அப்படியானால் அயர்லாந்தின் சுத்த சுதேசிச் சின்னம் என்று உலகம் நினைக்கும் ஆசாமி, பெயரளவிலாவது வெளியூர்க்காரர்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை சேகரிப்பவர்கள் வந்தார்கள். 1825இல் கிராஃப்டன் குரோக்கர் தென் அயர்லாந்துக் கதைகளை அச்சிட்டார். 1888இல் கவி யேட்ஸ் ஒரு தொகுதி கொண்டுவந்தார். லெப்ரகான் அப்போது தனியாக வேலியோரம் உட்கார்ந்து செருப்புத் தைக்கிற கிழவர். தங்கத்தைப் புதைத்து வைத்திருக்கும் கஞ்சர். கண் இமைத்தால் ஏமாற்றிவிடுபவர். 1831இல் சாமுவேல் லவர் வர்ணித்த லெப்ரகானுக்குச் சட்டை சிவப்பு நிறம். பச்சைச் சட்டையும் பச்சைத் தொப்பியும் நிலைத்தது அதற்குப் பிற்பாடு.

பச்சை நிறம் பூசியதில் கடல் கடந்து போனவர்களுக்குப் பங்கு உண்டு. 1841ஆம் வருஷத்துக் கணக்கில் அயர்லாந்துத் தீவின் ஜனத்தொகை 81 லட்சத்துக்கு மேல். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில வருஷங்களில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அமெரிக்காவில் இறங்கியவன் மண்மேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. முள்மரத்தையும் கொண்டுபோக முடியாது. பயத்துக்கு இடம் வேண்டும். இடம் இல்லாத பயம் இரண்டு தலைமுறைக்குள் கதையாகிவிடுகிறது, மூன்றாம் தலைமுறையில் வாழ்த்து அட்டைப் படமாகிவிடுகிறது. நல்லவர்கள் சின்னவர்களானது கப்பல் பிரயாணத்தில்தான் என்று சொன்னால் அதில் பெரிய பிசகு இருக்காது.

வால்ட் டிஸ்னியும் அந்தக் கப்பல் பரம்பரையில் வந்தவரே. அவருடைய கொள்ளுப்பாட்டனார் 1834இல் கில்கென்னி மாவட்டத்திலிருந்து புறப்பட்டுப் போனவர். 1946இல் டிஸ்னி அயர்லாந்துக்கு வந்தார். குள்ளர்களைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணம் அப்போதே அவருக்கு இருந்தது. டப்ளினில் அவருடைய ஆட்கள் அணுகிய இடம் ஐரிஷ் நாட்டார் வழக்கு ஆணையம்.

இந்த ஆணையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். புதிதாக விடுதலை பெற்ற ஏழைச் சர்க்கார் 1935இல் ஏற்படுத்திய ஸ்தாபனம் அது. தலைவர் சேமஸ் ஓ டூலர்கா. ஆங்கிலத்தில் டெலார்கி என்பார்கள். அவருடைய சேகரிப்பாளர்கள் மெழுகு உருளையில் பேச்சைப் பதியும் கனத்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு குக்கிராமங்களுக்குப் போய்க் கிழவர்களின் குரலைப் பதிந்தார்கள். பதிந்ததைக் காகிதத்தில் எழுதியதும் மெழுகைச் சீவிவிட்டு அதே உருளையில் அடுத்த கிழவரின் குரலைப் பதிவார்கள். புது உருளை வாங்கப் பணமில்லை! 1937 முதல் 1939 வரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் இந்த வேலையில் இறக்கினார்கள். சுமார் 50,000 பிள்ளைகள், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள முதியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். பக்கக் கணக்கு ஏழு லட்சத்தைத் தாண்டுகிறது. 2017இல் யுனெஸ்கோ இந்த ஆணையத்தின் சேகரிப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இப்பேர்ப்பட்ட காரியத்தைச் செய்துகொண்டிருந்த டெலார்கியிடம் ஹாலிவுட்டிலிருந்து ஒருவர் வந்து, “குள்ளர்கள் வேண்டும்” என்றால் எப்படியிருக்கும்? அவருக்கு அது ரசிக்கவில்லை. வீரர்களின் பழங்கதைகளின் பக்கம் டிஸ்னியின் கவனத்தைத் திருப்பப் பார்த்தார். பலிக்கவில்லை. டெலார்கியின் கசப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. குடித்துவிட்டுக் குதிக்கும் கோமாளி என்று ஐரிஷ்காரனை நூறு வருஷமாக வெளியூர்க்காரர்கள் படம் போட்டுக் காட்டிவந்தார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் படத்துக்கே இன்னொரு பிரதி எடுத்துக் கொடுக்கவேண்டுமா?

பல வருஷம் கிடப்பில் கிடந்து, கடைசியில் படம் கலிபோர்னியாவிலேயே தயாராயிற்று. டைரக்டர் ராபர்ட் ஸ்டீவன்சன். பின்னால் 1964இல் ‘மேரி பாப்பின்ஸ்’ எடுத்தவர். அயர்லாந்தின் மலையும் மேகமும் பெரும்பாலும் பீட்டர் எல்லன்ஷா தீட்டிய சித்திரங்கள். டார்பியாக நடித்தவர் பெல்பாஸ்டைச் சேர்ந்த ஆல்பர்ட் ஷார்ப். எழுபதைத் தாண்டிய கிழவர். குள்ளர்களின் அரசன் பிரையனாக வருபவர், டப்ளின் மேடைகளில் ஹாஸ்யத்துக்குப் பெயர்போன ஜிம்மி ஓடே. அரசன் கிழவனுடைய முழங்கால் உயரம்கூட இல்லை. அந்த வித்தையைப் பெரும்பாலும் தூரத்தை வைத்தே சாதித்தார்கள். ஷார்ப் கேமராவுக்குப் பக்கத்தில்; ஓடேயும் மற்றக் குள்ளர்களும் பல மடங்கு தள்ளி. இரண்டு தரையும் சேரும் இடம் கண்ணுக்குப் படாதபடி அரங்கத்தை அமைத்து, அருகும் தொலைவும் ஒரேமாதிரி தெளிவாக விழுவதற்காக விளக்குகளை அள்ளிக் கொட்டினார்கள். காலடியில் இருக்கும் அரசனோடு பேசும்போது ஷார்ப் உண்மையில் வெறும் தரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். இல்லாத ஒருவரின் கண்ணைப் பார்த்து அவர் கோபிப்பதும் கெஞ்சுவதும், கணிப்பொறிச் சித்திரங்களைப் பார்த்துப் பழகிய நமக்கும் நம்பும்படி இருக்கிறது.

கதை என்ன? டார்பி ஒரு பிரபுவின் பண்ணையில் காவல் பார்க்கும் கிழவன். வேலையைவிடச் சாராயக்கடையில் உட்கார்ந்து கதை சொல்வதில்தான் அவனுக்கு அக்கறை. குள்ள அரசனைப் பிடித்தேன், மூன்று வரம் கேட்டேன், நான்காவது வரத்துக்கு ஆசைப்பட்டு எல்லாவற்றையும் இழந்தேன் என்று அவன் சொல்ல, ஊர் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது. ஒரு நாள் பிரபு, டப்ளினிலிருந்து மைக்கேல் என்ற வாலிபனைக் கூட்டிவந்து, “இனி இவன் பார்த்துக்கொள்வான், உனக்குப் பாதிச் சம்பளம், வேறு ஒரு குடிசை” என்று சொல்லிவிடுகிறார். கிழவனுக்கு உலகமே ஆடிப்போகிறது. மகள் கேட்டியிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. அன்றிரவே மலைக்குள் விழுகிறான். பிரையன் அரசன் அவனை அங்கே நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறான். வேலை போன அவமானம் இங்கே உனக்கு இல்லையே என்பது அவன் நியாயம். டார்பி தப்பி வருகிறான். அரசனுக்குச் சாராயம் ஊற்றிப் பாட்டுப் பாடவைத்து, விடியும்வரை நேரத்தைக் கடத்தி, வெளிச்சம் வந்ததும் அவனைப் பிடித்துக்கொள்கிறான். மூன்று வரம் உறுதியாகிறது.

இதுவரை எல்லாம் வேடிக்கைதான். பிறகு ஓடிப்போன குதிரையைத் தேடி மகள் இரவில் மலையேறுகிறாள், விழுகிறாள், காய்ச்சல் காண்கிறது. அப்போது பான்ஷீ வருகிறாள். ‘மேட்டுப் பெண்’ என்று பொருள். சில பழைய குடும்பங்களில் சாவு நேருமுன் அழுகிறவள் அவள். அயர்லாந்தில் ஒப்பாரி வைப்பதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். மாதா கோயில் பாதிரிமார் அதை வெகுகாலம் கண்டித்துப் பார்த்தார்கள். அந்த ஒப்பாரிக்காரியின் மறு உலக உருவம்தான் பான்ஷீ. பழைய நம்பிக்கையில் அவள் யாரையும் கொல்லுகிறவள் அல்ல. துக்கத்தை முன்கூட்டியே அறிவிக்கிறாள், அவ்வளவுதான். பின்னாலேயே வானத்திலிருந்து மரண வண்டி இறங்குகிறது. வண்டிக்காரனுக்குத் தலை இல்லை. வந்த வண்டி வெறுமனே திரும்பாது என்பது விதி. கிழவன் கடைசி வரத்தைக் கேட்கிறான்: மகளுக்குப் பதிலாக நான் ஏறிக்கொள்கிறேன்.

அரசன் அந்த வரத்தைத் தட்டமுடியாமல் கொடுக்கிறான். ஆனால் தானும் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். பேச்சோடு பேச்சாகக் கிழவன் வாயிலிருந்து, போகிற உலகத்துக்கு நீயும் துணைக்கு வந்தால் தேவலையே என்ற ஆசையை வரவழைக்கிறான். வந்தது நான்காவது வரம்! நான்காவது கேட்டால் முதல் மூன்றும் ரத்து. கிழவனை வண்டியிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறான். எந்த விதி கிழவனை ஏமாற்றுவதற்காக இருந்ததோ அதே விதியைச் சிநேகிதன் அவனைக் காப்பாற்றத் திருப்பிப் போடுகிறான். ஃபெர்கஸ் அரசன் காலத்திலிருந்து வரத்துக்குள் ஒளிந்திருந்த கண்ணி இங்கே ஒரு தடவை கருணையாகிறது.

இந்தக் கட்டத்தில் பயந்து அழுத குழந்தைகள் ஏராளம். குழந்தைகளுக்கான படத்தில் இது வேண்டியதுதானா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கடைசிக் கால்மணி நேரம் இல்லாவிட்டால் படம் வெறும் பச்சைத் தொப்பி வியாபாரமாகப் போயிருக்கும். காய்ச்சலில் கிடக்கும் இளம் பெண், அவளைக் கொண்டுபோக வாசலுக்கு வந்துவிட்ட ஒன்று, அறிவு கலங்கி நிற்கும் குடும்பத்தான்: பாலிவாட்லியாவில் நடந்ததும் இதே நிலைதான். அங்கே பயம் ஒரு பெண்ணை எரித்தது. படத்தில் அதே பயம் ஒரு தகப்பனை வண்டியில் ஏறவைக்கிறது. தலைப்பில் ‘சின்ன’ என்று எழுதிவிட்டாலும், கடைசியில் அந்தப் பழைய ‘நல்லவர்கள்’ தங்கள் முழு உயரத்தோடு வாசலில் வந்து நிற்கிறார்கள்.

படத்தில் குறை இல்லையா? உண்டு. அந்தப் பிரபு மிகவும் தங்கமான மனிதர். அயர்லாந்தின் நிலப்பிரபுக்களைப் பற்றிச் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. வாரம் கட்ட முடியாதவர்களைக் கூரையைப் பிரித்து வெளியேற்றிய காலம் அது. புஸ்தகம் வெளியான அதே 1903இல்தான், குடியானவர்கள் சர்க்கார் கடன் பெற்று நிலத்தைத் தாங்களே வாங்கிக்கொள்ள வழிசெய்த விண்டம் சட்டமும் வந்தது. அந்தப் போராட்டத்தின் நிழல்கூடப் படத்தில் விழவில்லை. ஆனாலும் ஒன்று கவனியுங்கள். படத்தில் எல்லாத் துன்பத்துக்கும் ஆரம்பம், ஒரு கிழவனை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் ஒரு வார்த்தை. எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் அந்த வார்த்தை ஐரிஷ்காரர் காதில் எப்படி விழும் என்பது தெரிந்ததே.

1959 ஜூன் 24ஆம் தேதி டப்ளினில் படம் முதலில் திரையிடப்பட்டது. டிஸ்னியே வந்திருந்தார். அதற்கு முந்தின நாள்தான் ஷான் லெமாஸ் பிரதமரானார். மறுநாள் டி வலேரா ஜனாதிபதியாகப் பதவியேற்றார். பழைய அயர்லாந்து நாற்காலி மாறி உட்கார, புதிய அயர்லாந்து தொழிற்சாலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்த வாரம் அது. அந்தப் பத்து வருஷத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் பிழைப்புக்காக நாட்டை விட்டுப் போயிருந்தார்கள். 1961ஆம் வருஷத்துக் கணக்கில் குடியரசின் ஜனத்தொகை 28 லட்சம்தான். வேலைக்காக வாலிபர்கள் கப்பலேறும் நாட்டில், கதை சொல்வதற்கு மட்டும் ஒரு கிழவன் மிஞ்சுகிறான் என்பது வேடிக்கைக் கதையா என்ன? மைக்கேலாக நடித்த ஷான் கானரி மூன்று வருஷத்தில் ஜேம்ஸ் பாண்டாகி உலகப் புகழ் பெற்றார். ஆல்பர்ட் ஷார்ப்பின் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

டெலார்கியின் ஆணையம் 1971இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியோடு சேர்ந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் அந்தக் குறிப்பேடுகளை இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். டெலார்கி அஞ்சியதுபோல் படம் அந்தப் பொக்கிஷத்தை அழித்துவிடவில்லை. அவர் விரும்பியதுபோல் அதற்கு ஈடாகவும் இல்லை. ஆனால் அவருடைய ஆட்கள் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு தேடிப் போனது யாரை? வேலை ஓய்ந்து, பிள்ளைகள் காதுகொடுக்காமல், கேட்பதற்கு ஒரு ஆள் வந்தால் விடியும்வரை சொல்லத் தயாராக உட்கார்ந்திருந்த கிழவர்களை. ஷார்ப் திரையில் சாராயக்கடை நடுவில் உட்கார்ந்து, கையை ஆட்டிக் கதையை ஆரம்பிக்கும்போது அந்தக் கிழவர்களில் ஒருவராகத்தான் எனக்குத் தெரிகிறார். குள்ளர்களைப் பார்ப்பதற்காக இந்தப் படத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், கொஞ்சம் அந்தப் பெரியவரையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.